ஸ்க்ரோல் டெஸ்க்கில் ஒரு மாணவி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சென்னையில் இதழியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் பெரம்பலூர் பக்கம். இப்போது ஒரு தமிழ்ச் செய்திச் சேனலில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன். கல்லூரியில் கேமராவைப் பார்த்துப் பேசும் பிடிசி கொடுப்பது, காட்சியும் பேட்டியும் சேர்ந்த செய்தித் தொகுப்பான பேக்கேஜ் எழுதுவது, லைவ் பேசுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே வந்த நாளிலிருந்து நான் மைக்கைத் தொடவே இல்லை. காலையில் திரைக்குக் கீழே ஓடும் ஸ்க்ரோல் வரிகளை அடிக்கிறேன். மதியம் மாவட்டச் செய்தியாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களை இறக்கி, பெயர் போட்டு சர்வரில் ஏற்றுகிறேன். மாலையில் மொபைலுக்கான செங்குத்து வீடியோ வெட்டித் தருகிறேன். சீனியர்கள் நன்றாகத்தான் பழகுகிறார்கள். ஆனால் டீக்கடைக்குப் போனால் பேச்சு ஒன்றுதான்: "டிவி முடிஞ்சுபோச்சும்மா, பேசாம ஒரு யூடியூப் சேனல் ஆரம்பி." செய்தி வாசிக்கக்கூட ஏஐ வந்துவிட்டது என்கிறார்கள். வீட்டில் கல்விக்கடன் வாங்கித்தான் படிக்க வைத்தார்கள். நான் செய்வது கற்றலா? பாதியில் விட்டுவிடலாமா? உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

எம்., சென்னை

*

அன்புள்ள எம்.,

பாதியில் விட வேண்டாம். உங்கள் சீனியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒன்று. ஸ்க்ரோல் அடிப்பதையும் வாட்ஸ்அப் வீடியோ இறக்குவதையும் எடுபிடி வேலை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு செய்தி சரியா தப்பா என்பது இன்றைக்குப் பெரும்பாலும் அந்த நாற்காலியில்தான் முடிவாகிறது.

ஸ்க்ரோலையே எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி நாளுக்கு நாலு தடவை தகவல் வரும். நீர்மட்டம் அடிக்கணக்கில் இருக்கும். முழு மட்டம் 24 அடி. இருப்பு மில்லியன் கன அடியில் இருக்கும். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. திறந்துவிடும் நீர் விநாடிக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். மூன்றும் ஒரே குறிப்பில், காற்புள்ளிகூட இல்லாமல், போனில் அவசரமாகத் தட்டப்பட்டு வரும். நீங்கள் இருப்பைத் தூக்கித் திறப்பில் போட்டுவிட்டால், "செம்பரம்பாக்கத்தில் 3,000 கன அடி நீர் திறப்பு" என்று திரைக்குக் கீழே ஓடத் தொடங்கிவிடும். அதைப் படிப்பவர்கள் குன்றத்தூரிலும் திருநீர்மலையிலும் மணப்பாக்கத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் இருக்கிறார்கள். 2015 டிசம்பரில் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்ட இரவை வீட்டுக்குள் தண்ணீரோடு கழித்தவர்கள் அவர்கள். பைக்கை மேட்டில் கொண்டுபோய் விடுவார்கள். படுக்கையில் இருக்கும் பெரியவரை நாலு பேராகத் தூக்கி மாடியில் ஏற்றுவார்கள். இத்தனைக்கும் காரணம் நீங்கள் அடித்த ஒரு வரி.

அதனால் ஒவ்வொரு ஸ்க்ரோலுக்கும் யார் சொன்னது, எத்தனை மணி நிலவரம், என்ன அளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் மணியைத்தான் அதிகம் விட்டுவிடுகிறார்கள். காலை 6 மணிக் கணக்கு மதியம் 2 மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் ஏரியில் நிலைமையே வேறாகியிருக்கும். ஏறிய ஸ்க்ரோலை எப்போது இறக்குவது என்று யோசிக்கிறவரை எந்த டெஸ்க்கும் விட்டுவிட விரும்பாது.

2016 டிசம்பர் 5 மாலை உங்களுக்கு நினைவிருக்கும், பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். முதல்வர் ஜெயலலிதா காலமானார் என்று சில தமிழ்ச் சேனல்களில் செய்தி ஓடியது. அதிமுக தலைமை அலுவலகத்தில் கட்சிக்கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கிவிட்டார்கள். அப்பல்லோ மருத்துவமனை அதை மறுத்தது, சிகிச்சை தொடர்கிறது என்றது. கொடி திரும்ப மேலே போனது. அன்றிரவு 11.30 மணிக்கு அவர் உயிர் பிரிந்ததாக நள்ளிரவு தாண்டித்தான் அறிவிப்பு வந்தது. "கடைசியில் அதுதானே நடந்தது" என்று இன்றைக்கும் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. செய்தி ஓடிய அந்த நேரத்தில் அது பொய். உயிரோடு இருக்கும் ஒருவரை இறந்துவிட்டதாக ஒரு மாநிலம் முழுவதற்கும் சொன்னார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். டெஸ்க்குக்கு எதிரே சுவரில் மற்ற சேனல்களெல்லாம் வரிசையாக ஓடும். ஒன்றில் சிவப்புப் பட்டை ஏறும். "அவன் போட்டுட்டான், நம்ம எங்க?" என்று குரல் வரும். அடுத்த நிமிடம் இரண்டாவது டிவியில் ஏறும். இப்போது "ரெண்டு பேர் போட்டுட்டாங்க" என்பதே உறுதிப்படுத்தல் ஆகிவிடுகிறது. முதலாமவரைப் பார்த்துத்தான் இரண்டாமவர் போட்டார் என்பதை அந்த நேரத்தில் யாரும் யோசிப்பதில்லை. அந்த நிமிடத்தில் போனை எடுத்து இடத்தில் இருக்கும் செய்தியாளரிடம் "அண்ணா, உங்களுக்கு யார் சொன்னது?" என்று ஒருவர் கேட்டால் போதும். பயிற்சிக்கு வந்தவர் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்து வாட்ஸ்அப் வீடியோ. கேமரா விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், எங்கள் ஆள் எடுத்த காட்சி என்பதே அதற்கு அத்தாட்சி. மாவட்டத்தில் எடுத்த டேப்பை சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, கோயம்பேட்டில் போய் வாங்கிவர ஆள் அனுப்பிய நாட்களை நான் பார்த்திருக்கிறேன். டேப் உறையில் ஊர், தேதி, எடுத்தவர் பெயர் பேனாவில் எழுதியிருக்கும். இன்று விபத்து நடந்த இடத்தில் கேமராமேன் போய் இறங்கும்முன் அங்கே இருபது போன்கள் எடுத்து முடித்துவிடுகின்றன. காட்சிக்குப் பஞ்சமில்லை, அது எந்த ஊரில் எப்போது எடுத்தது என்பதுதான் தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் 2015 வெள்ளக் காட்சிகள் "இன்று காலை" என்று திரும்பி வருகின்றன.

ஆகவே வீடியோ கைக்கு வந்ததும் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பின்னால் கத்துகிறவரின் பதற்றம் நம்மையும் பிடித்துக்கொள்ளும். கடைப் பலகையில் ஊர் பெயர் இருக்கிறதா? வண்டி எண் எந்த மாவட்டம்? தாம்பரம் என்று சொல்லி வந்த வீடியோவில் டி.என். 11 வண்டி ஒன்றாவது கண்ணில் படுகிறதா? பேருந்து எந்தக் கோட்டத்துடையது? சுவரொட்டியில் எந்தத் தேர்தல், எந்தப் படம்? வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, அனுப்பியவர் சொல்லும் நேரத்துக்கு அது பொருந்துகிறதா? அப்புறம் சத்தத்தைப் போட்டுக் கேளுங்கள், பேசுகிறவர்களின் வட்டார வழக்கு அந்த ஊருடையதா என்று. பெரம்பலூர்ப் பேச்சையும் நாகர்கோவில் பேச்சையும் காதாலேயே பிரித்துவிடும் உங்களுக்கு இதில் சென்னைக்காரர்களைவிட அனுகூலம் அதிகம். கடைசியாக, அனுப்பியவரிடம் ஒரே கேள்வி: நீங்கள் எடுத்ததா, உங்களுக்கு வந்ததா? பாதி பொய்கள் அந்தக் கேள்வியிலேயே கழன்றுவிடும்.

செங்குத்து வீடியோ வெட்டும்போதும் ஒரு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையும் முகத்தையும் மட்டும் காக்கச் சொல்லவில்லை. குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடையில் இருக்கும் பள்ளி முத்திரையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தெருமுனைக் கோயில், வீட்டு வாசல் கதவு, அழுகிற பாட்டியின் முகம் எல்லாம் தெரிகிறது. அந்த ஊரில் இருப்பவர்களுக்கு அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய இரண்டு நொடி போதும். வெட்டுகிறவரின் கண்ணில் அது பட்டால்தான் உண்டு. ஒரு குழந்தையின் மிச்ச வாழ்க்கை அதில் இருக்கிறது.

சரி, செய்தி எடுக்க வெளியே போவதைப் பற்றிச் சொல்கிறேன். டெஸ்க் முக்கியம் என்பதற்காக அங்கேயே உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை. வாரவிடுப்பு நாளில், யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் அசைன்மென்ட் டெஸ்க்கில் கேட்டுவிட்டு ஒரு கேமராமேனுடன் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். செய்தியாளரோடு போவதைவிட அவரோடு போனால் அதிகம் கற்கலாம். செய்தியாளர்கள் சேனல் மாறிக்கொண்டே இருப்பார்கள், கேமராமேன்களில் பலர் பல வருடங்களாக ஒரே இடத்தில் எல்லாவற்றையும் பார்த்தவர்கள். ஷாட்டை ஆட்டாமல் பத்து நொடி பிடிப்பது ஏன் என்று அவரிடம் கேளுங்கள். பைட், அதாவது பேட்டித் துண்டு, முடிந்ததும் கேமராவை உடனே நிறுத்தாமல் இருப்பதைக் கவனியுங்கள். "அவ்வளவுதான்" என்று அதிகாரி எழுந்த பிறகு சொல்கிற வார்த்தையில் சில சமயம் செய்தி இருக்கும். நல்ல கேமராமேன் கலவரமான இடத்தில் முதலில் வெளியேறும் வழியைப் பார்த்துவைப்பார். துக்க வீட்டில் வாசலோடு நின்று, உள்ளே வரலாமா என்று கண்ணால் கேட்பார். இதையெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் நான் கண்டதில்லை.

இனி உங்கள் சீனியர்களின் பேச்சு. 1975 ஆகஸ்டில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது, 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. 2011இல் புதிய தலைமுறை வந்த பிறகு அடுத்த ஐந்து வருடத்துக்குள் தந்தி டிவி, நியூஸ்7, நியூஸ்18 என்று 24 மணி நேரச் சேனல்கள் வரிசையாக வந்தன. இப்போது சீனியராக இருப்பவர்களில் பலர் அந்த அலையில் வேலைக்கு வந்தவர்கள். ஆள் கிடைக்காமல் சேனல்கள் அலைந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இன்றைய நிலை முடிவு போலத்தான் தெரியும். விளம்பரப் பணம் போனுக்குப் போய்விட்டது. செய்திச் சேனல் தெரிய கேபிள்காரர்களுக்குச் சேனல்தான் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. டிஆர்பி முறைகேட்டு விவகாரத்துக்குப் பிறகு 2020 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை செய்திச் சேனல்களுக்கு ரேட்டிங்கே வெளிவரவில்லை. ஒரு லைவ்வுக்கு, காட்சியை நேரலையாக அனுப்பும் ஓபி வேனும் பொறியாளரும் ஓட்டுநரும் தேவைப்பட்டது போய், நாலைந்து சிம் போட்டுக் காட்சி அனுப்பும் ஒரு முதுகுப்பைக் கருவி போதும் என்றானது. இப்போது சில நேரம் அதுகூட இல்லாமல் போனிலேயே முடிகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஆட்கள் குறைந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது, அவர்களிடம் அதை மறுத்துப் பேசாதீர்கள்.

ஏஐ வாசிப்பாளர் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 2023இல் ஒடிசாவின் ஓடிவி 'லிசா' என்று ஒரு உருவத்தை வாசிக்க வைத்தது. 2024இல் டிடி கிசான் இரண்டு பேரைக் கொண்டுவந்தது. எதிரே வரிகளைக் காட்டும் ப்ராம்ப்டரில் வருவதை வாசிப்பது மட்டும்தான் வேலை என்றால் அது போகத்தான் போகிறது. ஏரிக்கரையில் நின்றுகொண்டு மதகைத் திறந்துவிட்டார்களா இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் அங்கே போயாக வேண்டும். என் கவலை அந்த ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பற்றியது. மாவட்டங்களில் பலர் ஒளிபரப்பாகும் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் பணம் பெறுகிறார்கள். நீங்கள் இறக்கும் வீடியோக்களை அனுப்புபவர்கள் அவர்களே. அவர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசிப் பழகுங்கள். வீடியோ ஏற்றும்போது எடுத்தவர் பெயரை விடாமல் போடுங்கள். அவர்கள் மாதக் கணக்குப் பார்க்கும்போது அது உதவும்.

உங்கள் சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955ஆம் வருடச் சட்டம் செய்தித்தாள் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, தொலைக்காட்சிக்காரர்கள் அதற்குள் வரவில்லை. 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. எதுவானாலும் பணி ஆணை, நோட்டீஸ் காலம், வாரவிடுப்பு எல்லாவற்றையும் நீங்களே படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பயிற்சி முடிந்து வேலை தருகிறோம் என்றால் தொகையைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கல்விக்கடன் இருக்கிறவர் கூச்சப்படவே கூடாது. அசல் சான்றிதழ்களைக் கொடு, இரண்டு வருடம் வெளியே போகாதே என்று எழுதி வாங்குகிற இடமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

யூடியூப் ஆரம்பிக்கலாம், தடையில்லை. ஆனால் சென்னையில் உட்கார்ந்து மற்ற சேனல் செய்தியைப் பற்றிக் கருத்துச் சொல்லும் இன்னொரு சேனலாக வேண்டாம், அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. உங்கள் மாவட்டம் டிவியில் எப்போது வருகிறது? திருச்சி நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் வரும், அமைச்சர் வந்தால் வரும். தமிழ்நாட்டுக்குச் சின்ன வெங்காயம் கொடுக்கிற மாவட்டம் அது. திருகல் நோய் வந்து வயல் வயலாக அழுகும்போது சென்னை டெஸ்க்கில் அது ஒரு வரி ஸ்க்ரோலாகக்கூட ஏறுவதில்லை, ஏனென்றால் திருகல் நோய் என்றால் என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது செட்டிகுளம் பக்கம் வெங்காயத்தைச் சேமித்துவைக்கும் ஒரு பட்டறையில் நாள் முழுக்க இருந்து எடுங்கள். விதை வெங்காயம் என்ன விலைக்கு வாங்கினார்கள், பட்டறையில் எவ்வளவு அழுகியது, வியாபாரி என்ன விலை கேட்கிறார் என்று மூன்று பேரிடமாவது கேளுங்கள். நாலு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். பின்னணி இசை சேர்க்காமல், வெட்டாத காட்சிகளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். எந்த ஷாட் குறைகிறது, எந்தக் கேள்வி விட்டுப்போனது என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்.