கூட்டமா ஆடணும், என்ன பாட்டு போடலாம்? கேள்வி பதில்

கல்யாண ரிசப்ஷன், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, காலேஜ் விழா, புது வருஷ பார்ட்டி, எதுவாக இருந்தாலும் சரி. பத்து பேருக்கு மேல் சேர்ந்து ஆடுகிற இடத்துக்குப் பாட்டு அமைப்பது பற்றிக் கேளுங்கள். வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். வாடகை ரேட் மட்டும் கேட்காதீர்கள், அது மண்டபத்துக்கு மண்டபம் மாறும்.

காட்பாடி: அண்ணா, தங்கச்சி ரிசப்ஷனுக்கு 300 பேர் வருவாங்க. மண்டபத்துல எத்தனை வாட்ஸ் செட் வைக்கணும்?

தம்பி, எல்லோரும் முதலில் கேட்பது வாட்ஸ்தான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தத்தின் அளவில் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆனால் திறந்த வெளியில் ஸ்பீக்கருக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினாலே 6 டெசிபல் கிடைத்துவிடும். அதனால் காசைக் கொட்டுவதற்கு முன்னால் ஸ்பீக்கரை ஆடுகிறவர்கள் பக்கத்தில் நகர்த்துங்கள்.

நம்ம ஊரில் வழக்கமாக மேடைக்கு இரண்டு பக்கமும் டவர் மாதிரி அடுக்கிவிடுகிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோகிராபரும் காது கிழிய நிற்பார்கள். பின்னால் ஆடுகிற பசங்க "சவுண்ட் ஏத்துணா" என்று கத்துவார்கள். ஏற்றினால் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து பந்திக்குப் போய்விடுவார்கள். ஆடுகிற இடத்தை ஒரு சதுரமாக ஒதுக்குங்கள். நான்கு மூலையிலும் குரலும் மேல் சத்தமும் வருகிற சின்ன டாப் பெட்டி ஒவ்வொன்று, உள்பக்கம் திருப்பி. கனத்த அடிச்சத்தம் வருகிற 18 இன்ச் பேஸ் பெட்டி இரண்டு, ஒரே இடத்தில் ஒட்டி. பிரித்து வைத்தால் சில இடத்தில் பேஸ் காணாமல் போகும், சில இடத்தில் நெஞ்சை அடைக்கும். நாற்காலி எல்லாம் சதுரத்துக்கு வெளியே.

இன்னொன்று, ப்ளூடூத்தில் பாட்டு போடாதீர்கள். நல்ல நேரம் பார்த்து யாராவது போன் பண்ணுவார்கள், மண்டபம் முழுக்க ரிங்டோன் கேட்கும்.

ஆரணி: பாட்டு எந்த வரிசையில போகணும்? எங்க டிஜே எடுத்த எடுப்பிலேயே செம குத்து போட்டார், யாரும் எழுந்திருக்கவே இல்ல.

எழுந்திருக்க மாட்டார்கள். முதலில் இறங்குவது எப்போதுமே குழந்தைகள், அப்புறம் அவர்களைப் பிடிக்க வருகிற சித்திகள், அப்புறம் கல்யாணமான அக்காக்கள். காலேஜ் பசங்க கடைசியில்தான் வருவார்கள், வந்தால் போகமாட்டார்கள். அதனால் முதல் அரை மணி நேரம் எல்லோருக்கும் வரி தெரிந்த இளையராஜா, தேவா காலத்துப் பாட்டு. நிமிடத்துக்கு 100 தட்டு வாக்கில் இருந்தால் போதும். அங்கிருந்து மெல்ல 120க்கு ஏற்றுங்கள். உச்சத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்தால் மூச்சு வாங்கும். ஒரு நடுத்தரப் பாட்டு போட்டுத் தண்ணீர் குடிக்க விடுங்கள். மே மாதம் ஷீட் போட்ட மண்டபமாக இருந்தால் ஆளும் சூடாவான், ஆம்ப்ளிபயரும் சூடாகித் தானே நின்றுவிடும்.

தாளம் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பாங்குத்து திஸ்ரத்தில் ஓடும், தகிட தகிட என்று. வெளிநாட்டுக் கிளப் பாட்டெல்லாம் தகதிமி. இரண்டிலும் கால் விழும் இடம் ஒன்றுதான், நடுவில் நிரப்புவது மூன்றா நான்கா என்பதில்தான் வித்தியாசம். வேகம் ஒன்றாக இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாராளமாகத் தாவலாம், ஆடுகிறவன் கால் தடுமாறாது. ஆனால் 40 விநாடிக்கு ஒரு பாட்டு மாற்றுகிற புதுப் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. முதல் பல்லவியில் பக்கத்து ஆளைப் பார்த்துக் காலை வைப்பார்கள், இரண்டாவது பல்லவியில்தான் எல்லோரும் ஒன்றாக ஆடுவார்கள். அதற்குள் பாட்டை மாற்றினால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ரீல்ஸ் வேறு, கூட்டம் வேறு.

பந்தி முடிந்ததும் வேகப் பாட்டு வேண்டாம். பிரியாணி சாப்பிட்டவன் ஆடமாட்டான்.

ராணிப்பேட்டை: 150 பேருக்கு எத்தனை வாட்ஸ் சார்?

காட்பாடிக்குச் சொன்னதுதான். பாதிக் கூட்டம், பேஸ் ஒன்று போதும்.

ஒடுகத்தூர்: பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா. எங்க மாமியாரும் அவங்க செட்டு பாட்டிகளும் கும்மி அடிக்கணும்னு ஆசைப்படறாங்க. கும்மிப் பாட்டு டவுன்லோட் எங்க கிடைக்கும்?

டவுன்லோட் வேண்டாம்மா. அவர்கள் பாட்டு அவர்களிடமே இருக்கிறது. கும்மி ஆரம்பத்தில் நிதானமாகப் போய், போகப் போக வேகம் பிடிக்கும். அந்த வேகத்தை முடிவு பண்ணுவது நடுவில் பாடுகிற பாட்டி. ரெக்கார்டு பாட்டு அவருக்காகக் காத்திருக்காது. நீங்கள் செய்ய வேண்டியது, டிஜேயை முழுசாக நிறுத்தச் சொல்வது. சத்தத்தைக் குறைத்தால் போதாது, நிறுத்த வேண்டும். முதல் வரி எடுக்கிறவருக்கு மட்டும் காலர் மைக். திரும்பப் பாடுகிற கூட்டத்துக்கு மைக் வேண்டாம், கைத்தட்டு அப்படியே காதுக்கு வரட்டும். வட்டத்தின் நடுவில் ஸ்டாண்ட் மைக் வைத்தால் எல்லார் தட்டும் அதில் ஏறி, பாட்டு அமுங்கிவிடும். சேலை தடுக்கும் என்பதால் தரையில் ஒயர் ஒன்றுகூட ஓடக்கூடாது. பாட்டிகள் முடித்த கையோடு டிஜே அதே வேகத்தில் ஒரு திஸ்ரப் பாட்டை எடுக்கட்டும். பேத்திகள் அங்கேயே வந்து சேர்ந்துகொள்வார்கள்.

குடியாத்தம்: இவ்வளவு பேசறீங்களே, ஒரு பம்பை மேள செட்டு வந்தா ஸ்பீக்கரே வேணாம். எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கு டிஜே வெச்சா ஊர் ஆடுது?

ஆம்பூர்: அது சாமி ஊர்வலம் அண்ணா. ரிசப்ஷன்ல பம்பை அடிச்சா யாருக்காவது அருள் வந்துடும்.

குடியாத்தம்: வரட்டுமே, எலுமிச்சம்பழம் கொடுத்தா போச்சு.

சரி, இதில் நானும் வாய் வைக்கிறேன். வைகாசி முதல் நாள் குடியாத்தம் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டு கோபாலபுரம் வருகிற வழியில் நின்று பார்த்தவன் யாரும் பம்பைக்குப் பலம் இல்லை என்று சொல்லமாட்டான். ஒன்றோடொன்று கட்டிய இரண்டு முழவு, இடுப்பில் கட்டிக் குச்சியால் அடிப்பது. கூடவே உடுக்கையும் கைச்சிலம்பும். அடிக்கிறவர் ஆடுகிறவன் முகத்தைப் பார்த்து அடிக்கிறார். அவன் சோர்ந்தால் இழுக்கிறார், துள்ளினால் விடுகிறார். எந்த டிஜே பெட்டியும் அதைச் செய்யாது. நான் ஸ்பீக்கர் விற்றுப் பிழைக்கிறவன், நானே சொல்கிறேன்.

ஆனால் மண்டபத்துக்குள் வந்தால் கதை வேறு. நான்கு சுவர், மேலே கான்கிரீட், தரையெல்லாம் டைல்ஸ். அடிக்கிற ஒவ்வொரு அடியும் திரும்பி வந்து மோதும். கால் மணி நேரம் ஜோர். அதற்கு மேல் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாமல் ஆள் வெளியே போவான். வாசலில் மாப்பிள்ளை அழைப்புக்கு வையுங்கள், அங்கே அதை மிஞ்ச ஆள் இல்லை.

ஆம்பூர்: அப்போ ரெண்டையும் சேத்து, பாட்டு ஓட ஓட மேளம் அடிக்கலாமா? ஊர்வலத்துல வண்டியில ஸ்பீக்கர், முன்னாடி மேளம்.

இதைத்தான் எல்லோரும் பண்ணிக் கெடுக்கிறார்கள். சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடும். வண்டிக்கு 34 மீட்டர் முன்னால் மேளக்காரர் நடந்தால் பாட்டு அவர் காதுக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வரும். 120 வேகப் பாட்டில் தட்டுக்குத் தட்டு அரை விநாடிதான். அவர் தன் காதுக்குச் சரியாக அடித்தாலும் வண்டி பக்கம் ஆடுகிறவனுக்கு அது இன்னொரு பத்தில் ஒரு பங்கு தள்ளி வரும். இரண்டும் சேர்ந்தால் தட்டில் பாதிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆடுகிறவன் எந்தத் தட்டில் காலை வைப்பான்? மேளம் வண்டியை ஒட்டி நடக்க வேண்டும், இல்லையென்றால் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். இரண்டு பாட்டு, நிறுத்து, ஐந்து நிமிடம் மேளம். மாற்றி எடுப்பதே என் கட்சி. மேளக்காரருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

குடியாத்தம்: மார்கழி பனியில தோல் தொய்ஞ்சா ஸ்பீக்கர் தேவைப்படும், அதை ஒத்துக்கறேன்.

பறை என்றால் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி எடுப்பார்கள். மண்டப வாசலில் மேனேஜர் நெருப்பு மூட்ட விடமாட்டார். பைபர் போட்ட பறை பனிக்குத் தாங்கும், சத்தத்தில் தகரவாடை அடிக்கும். இத்தோடு இந்தப் பஞ்சாயத்தை முடிக்கலாம், வரிசையில் நிறைய பேர் நிற்கிறார்கள்.

வாணியம்பாடி: 500 பேர், எத்தனை வாட்ஸ்?

மேலே.

வேலூர்: ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கற மண்டபம். ராத்திரி எத்தனை மணி வரை போடலாம்?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஸ்பீக்கர் கூடாது. மூடிய மண்டபத்துக்குள் மட்டும் கேட்கிற மாதிரி வைக்க விலக்கு உண்டு, கதவைத் திறந்து வைத்தால் அது செல்லாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவித்திருந்தால், அங்கே பகலிலேயே அளவு 50 டெசிபல்தான். அது சாதாரணமாகப் பேசுகிற சத்தத்துக்கும் கொஞ்சம் கீழே. டாப் சத்தத்தைச் சுவர் ஓரளவு தடுக்கும், பேஸ் சுவரைத் தாண்டிப் போகும். அதனால் அங்கே பேஸ் பெட்டியே வேண்டாம் என்பேன். போலீஸ் அனுமதியை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

வேலூர், இன்னொருவர்: கல்யாணத்துல சினிமா பாட்டு போட லைசென்ஸ் வேணும்னு ஓட்டல்ல கேக்கறாங்களே?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தைச் சேர்ந்த கொண்டாட்டத்துக்கும் விலக்கு இருக்கிறது. டிக்கெட் போட்டு நடத்துகிற புது வருஷ பார்ட்டிக்கு அந்த விலக்கு கிடையாது. அதற்கு மேல் வக்கீலைக் கேளுங்கள்.

காட்பாடி, காலேஜ் ஹாஸ்டல்: வடநாட்டு நண்பர்கள் தாண்டியா வேணும்கறாங்க, நம்ம பசங்க குத்து வேணும்கறாங்க. சண்டை.

இரண்டும் வைக்கலாம். தாண்டியாவோடு சேர்ந்தே வருகிற குஜராத்தி ஆட்டமான கர்பாவிலும் மும்மூன்றாக ஓடுகிற தாளம் நிறைய உண்டு, கும்மி பார்த்து வளர்ந்தவனுக்குக் காலில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். குச்சி வைத்து ஆடுவதை முதலில் முடித்துக் குச்சியை வாங்கி வைத்துவிட்டு அப்புறம் குத்துக்குப் போங்கள். குச்சியோடு குத்து ஆடவிட்டால் தையல் போட வேண்டிவரும்.

திருப்பத்தூர்: மாப்பிள்ளை ஆடவே மாட்டேங்கறார்.

விட்டுவிடுங்கள்.

ஆற்காடு: லைட் செட்டுக்கு யாரைப் பாக்கணும்? அப்புறம் 200 பேருக்கு எத்தனை...

லைட் எனக்குத் தெரியாது, மண்டபத்துக்காரரிடம் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை நான் பார்க்கவில்லை.

வாலாஜா: ப்ளூடூத் வேணாம்னா, போன்ல ஒயர் போட்டா பரவாயில்லையா?

பரவாயில்லை, ஏரோபிளேன் மோடில் போட்டு. ஆனால் கல்யாண வீட்டுப் போனைத் தொடாதீர்கள், வேலையில்லாத ஒருத்தர் போனை வாங்குங்கள்.

சோளிங்கர்: ஜெனரேட்டர்ல ஓட்டும்போது ஸ்பீக்கர்ல ஒரு உம்முனு சத்தம் வருது. பாட்டு நின்னா நல்லா கேக்குது.

பெரும்பாலும் எர்த் பிரச்சினைதான். சீரியல் லைட்டும் சவுண்டும் ஒரே லைனில் இருக்கும், பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மிக்சர், லேப்டாப், ஆம்ப் மூன்றும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், உம் நின்றால் திருடன் அவன்தான். எர்த் பின்னை உடைத்துவிட்டு ஓட்டச் சொல்கிற ஆபரேட்டர் வந்தால் அன்றைக்கே வேறு ஆளைப் பாருங்கள். ஈரத் தரையில் மைக் பிடிக்கிறவர் உயிர் அதில் இருக்கிறது.