காபி கசக்கிறது, ஆனால் மணக்கவில்லை

கேள்வி: ஏற்காட்டில் சின்னதாகக் காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். கடும் சளி பிடித்து, விட்டு மூன்று வாரமாகிறது. மூக்கடைப்பு இல்லை. ஆனாலும் காபியில் கசப்பும் சர்க்கரையும்தான் தெரிகிறது. சேலத்தில் வாங்கிய மல்கோவா வெறும் இனிப்பு. தட்டுவடை செட்டில் காரம் மட்டும் சுள்ளென்று ஏறுகிறது. நாக்கு செத்துவிட்டதா?

பதில்: இல்லை. கசப்பும் இனிப்பும் தெரிகிறதே, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மூக்குதான் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், தக்காளி போன்றவற்றில் வரும் ருசி) என்று சில சங்கதிகள்தான் தெரியும். கசப்புக்கு மட்டும் சுமார் 25 வகை ஏற்பிகள், அதாவது சுவையையோ மணத்தையோ பிடித்து நரம்புக்குச் சொல்லும் நுண்ணிய புரதங்கள். விஷத்துக்குக் காவல் ஆயிற்றே! காரம் சுவையே இல்லை. மிளகாய் தொடுவது சூட்டையும் வலியையும் உணரும் நரம்பை. தட்டுவடை உங்களைக் கைவிடாததற்கு அதுதான் காரணம்.

மல்கோவாவை மல்கோவா ஆக்குவது மணம். மெல்லும்போது அது தொண்டையின் பின்வழியாக ஏறி மூக்கின் உச்சிக்குப் போகிறது. நம்பாவிட்டால், வீட்டில் யாரையாவது மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டை மென்று பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கும் வெறும் இனிப்புதான். கையை எடுத்ததும் 'அட!' என்பார்.

அந்த உச்சியில் இருக்கும் நரம்பணு ஒவ்வொன்றிலும் பொதுவாக ஒரே வகை ஏற்பி. மனிதருக்கு மொத்தம் சுமார் 400 வகை. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. காபிக்கென்று தனி ஏற்பி கிடையாது. வறுத்த கொட்டையிலிருந்து நூற்றுக்கணக்கான பொருட்கள் ஆவியாகின்றன. ஒவ்வொன்றும் பல ஏற்பிகளைத் தட்டும். அதே புள்ளிகளில் வேறு வேறு கோலம் போடுவதில்லையா, அப்படி. கோலத்தைப் பார்த்து மூளை 'காபி' என்கிறது.

சளிக் கிருமி அந்தப் பரப்பைச் சேதப்படுத்தியிருக்கும். அங்கே புது நரம்பணுக்கள் முளைக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் பயிற்சி கொடுங்கள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 20 விநாடி, மெதுவாக, அந்த மணத்தை நினைத்துக்கொண்டே முகருங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேஸ் கசிந்தால் உங்களுக்குத் தெரியாது, வீட்டில் சொல்லி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. நடுவில் காபி கருகிய நாற்றமாக வந்தால் பயப்படாதீர்கள். கோலத்தில் சில புள்ளிகள் விட்டுப்போனதால் அப்படி. நரம்பு மீண்டு வரும்போது பலருக்கும் இப்படி ஆகும். அதுவரை கொட்டை வறுக்கப் பதம் பார்க்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.