பாட்டும் இறையியலும்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: பாட்டு இனிமையாக இருந்தால் என் மனம் மெட்டோடு போய்விடுகிறது, வசனம் நிற்பதில்லை. இது தவறா, ஐயா?

பதில்: பழைய திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்தீனுக்கும் இதே தவிப்புதான். ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் புத்தகத்தில், பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தன்னை அதிகம் உருக்கினால் அது பாவமே என்கிறார். ஆனால், மனம் திரும்பிய நாள்களில் சபையார் பாடக் கேட்டு அழுததையும் அங்கேயே நினைவுகூர்கிறார். அதனால் பாட்டு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இசையறிவு இல்லாதவர்கள்தானே ஆராதனையில் இசையை எதிர்த்தார்கள்?

பதில்: சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஆராதனைப் பாட்டையே நிறுத்திய 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி சுவிங்கிலி பல வாத்தியங்கள் வாசித்தவர்! கொலோசெயர் 3:16இல் வரும் ‘இருதயத்திலே’ என்ற சொல்லை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார்: உள்ளத்தில் பாடு, வாயால் வேண்டாம். 1527இல் அங்கே பேராலயத்தின் ஆர்கன் அகற்றப்பட்டது. சபையார் மறுபடி பாட 1598 ஆயிற்று. ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வின் அவ்வளவு தூரம் போகவில்லை. வாத்தியமின்றி, எல்லாரும் ஒரே சுரத்தில், சங்கீதப் புத்தகத்தைப் பாடலாம் என்றார். (நம் மொழியில் இசைக்கும் அந்த வேதாகமப் புத்தகத்துக்கும் ‘சங்கீதம்’ என்றே பெயர். அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.)

கேள்வி: சொல் இல்லாமல் வாத்தியம் மட்டும் இறையியல் பேசுமா?

பதில்: பேசும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், இயேசுவின் பாடுகளை இசையில் சொல்லும் ‘மத்தேயு பாடுகள்’ கேளுங்கள். இயேசு வாய் திறக்கும்போதெல்லாம் வயலின்கள் நீண்ட சுரங்களோடு அவர் குரலைச் சூழ்ந்துகொள்ளும், ஓவியங்களில் வரும் ஒளிவட்டம் போல. சிலுவையில் ‘ஏலி, ஏலி’ (என் தேவனே, என் தேவனே) என்று கதறும் இடத்தில் மட்டும் அவை இல்லை. முதன்முறை கேட்டபோது ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று எழுந்து போய்ப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது.

இன்னோர் இடம், கடைசி இராப்போஜனம். ‘ஆண்டவரே, நானோ?’ என்று சீடர்கள் கேட்கும்போது ‘ஆண்டவரே’ என்ற விளி 11 முறை வரும். எண்ணிப் பாருங்கள், யூதாஸ் பிறகு தனியாகக் கேட்பான். சீடர்களுக்கு இயேசு பதில் சொல்வதற்குள் சபைப் பாட்டு குறுக்கிடுகிறது: ‘நான்தான்.’

கேள்வி: கோவிலுக்கு வெளியே பிறந்த மெட்டை ஆராதனைக்குக் கொண்டுவரலாமா?

பதில்: ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் தம் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை ஒரு விடுகதைப் பாட்டின் மெட்டில்தான் முதலில் அமைத்தார், 1539இல் வேறு மெட்டு வந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ எழுதி, குறவஞ்சியையே பெத்லகேமுக்கு அழைத்துப் போனவர். புதிதாக வந்த மிஷனரிகள் அவருடைய தமிழிசையை ஆராதனையில் விரும்பவில்லை. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நான் அவர் பக்கம்.

கேள்வி: கீபோர்டு சத்தத்தில் பாட்டின் வரிகளே கேட்பதில்லையே?

பதில்: அது இறையியல் சிக்கல் இல்லை. வாசிப்பவரிடம் சொல்லுங்கள், குறைத்துவிடுவார்.