நாடு மாறிக்கொண்டிருக்கும்போது அரசறிவியல் படித்தால் படித்தது பழசாகிவிடாதா?

இலங்கையில் அரசியல் இப்படித் தலைகீழாகிக்கொண்டிருக்கும்போது கம்பஸில் அரசறிவியல் எடுத்தால், பட்டம் வாங்குமுன்னரே படித்தது பழசாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். பழசாகத்தான் செய்யும். என் நோட்ஸ் மூன்று தடவை பழசானது. ஆனாலும் எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நான் 2018 ஓகஸ்டில் உயர்தரம் எழுதினேன். பாராளுமன்றத்தை நாலரை வருடத்துக்கு முன் ஜனாதிபதி கலைக்க முடியாது என்பது அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தில் நாங்கள் மனனம் செய்த ஒரு வரி. பெறுபேறு வருமுன்னரே, ஒக்டோபர் 26 அன்று ஜனாதிபதி பிரதமரை நீக்கினார். நவம்பரில் பாராளுமன்றத்தையும் கலைத்தார். டிசம்பர் 13இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் அது செல்லாது என்று ஒருமித்துச் சொன்னார்கள். புள்ளிக்காகப் பாடமாக்கிய ஒரு வரி ஓர் அரசாங்கத்தையே திருப்பி வைத்ததைப் பார்த்த அன்றுதான் இந்தப் பாடத்தைத் தொடர்வது என்று முடிவெடுத்தேன்.

கம்பஸ் வந்த வருடமே 20ஆம் திருத்தம் வந்து, நாலரை இரண்டரை ஆனது. அடித்து மாற்றி எழுதினோம். 2022இல் 21ஆம் திருத்தம். வேறு வரிகளை மறுபடி அடித்தோம்.

அந்த 2022ஐப் பற்றித்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. பிறகு பெற்றோல் இல்லாமல் விரிவுரைகள் ஒன்லைனுக்குப் போயின. கரன்ட் இருக்கும் பிள்ளைகள் கேட்டு, இல்லாதவர்களுக்கு நோட்ஸைப் படமெடுத்து அனுப்புவார்கள். ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த காட்சியை அப்பா பெற்றோல் வரிசையில் நின்றபடி போனில் பார்த்துவிட்டு எனக்கு எடுத்தார். "இனி என்ன நடக்கும்? உன்ர பாடத்தில இருக்கோ?"

எலெக்‌ஷன் வரும் என்று சொன்னேன். அது பிழை. அன்றிரவு அரசியலமைப்பை எடுத்து 40ஆம் உறுப்புரையை முதல்முறையாக முழுதாக வாசித்தேன். ஜனாதிபதி பதவிக்காலத்தின் நடுவில் விலகினால், மிச்சக் காலத்துக்கு ஒருவரைப் பாராளுமன்றமே தன் உறுப்பினர்களுக்குள்ளிருந்து தெரிவு செய்யும். 1993இல் பிரேமதாச கொல்லப்பட்டபின் டி. பி. விஜேதுங்க அப்படித்தான் தெரிவானார். பாராளுமன்றத்தைக் கலைக்கலாமா என்றால், அது 2020 ஓகஸ்டில் கூடிய பாராளுமன்றம், இரண்டரை வருடம் ஆகவில்லை. தானே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டாலொழிய அதைக் கலைக்க முடியாது. ஜூலை 20 அன்று ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளால் ஜனாதிபதியானார். 2020 தேர்தலில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம். லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கி ஒருவரை அனுப்பினார்கள். அடுத்தவர் யார் என்பதைத் தீர்மானித்தது நான் வாசிக்காமல் தள்ளிய உறுப்புரை. அதற்குப் பிறகு ஒரு திருத்தத்தையும் சுருக்கக் குறிப்பில் மட்டும் படித்து நிறுத்தியதில்லை.

வடக்கில் இருந்து படித்ததால் எங்களுக்கு இன்னொரு பாடமும் நடந்தது. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. போராட்டம் நடந்த கொழும்பு காலிமுகத்திடலில் "மக்கள் எழுச்சி" என்று எல்லோரும் சொன்னபோது, எங்கள் பச்சில் பாதிப்பேர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். 2009இல் நாங்கள் அந்த மக்களுக்குள் இருந்தோமா? "இப்ப அவைக்குப் பசிக்குது, அதால வந்திருக்கினம்" என்றாள் ஒருத்தி. மே 18 அன்று அதே காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து, 2009 யுத்தத்தின் கடைசி நாட்களில் அங்கே சனம் குடித்த கஞ்சியும் கொடுத்தார்கள். அந்தக் கிழமை விரிவுரையாளர் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, இறைமை மக்களிடம் இருக்கிறது என்று சொல்லும் 3ஆம் உறுப்புரையைத் திரையில் போட்டார். "இந்த மக்கள் யார்? சொல்லுங்கோ." சூமில் கமரா போடாத பிள்ளைகள்கூடக் கதைத்தார்கள். கஞ்சியைப் பார்த்து அழுததாக ஒருவன் சொன்னான். பதின்மூன்று வருடம் பிந்தி வந்த கஞ்சி என்றாள் முதலில் கதைத்தவள். இரண்டு பேரும் சரி என்றே எனக்கு இன்றும் படுகிறது. அமைதியான காலத்தில் அந்த உறுப்புரைக்கு வரைவிலக்கணம் எழுதிவிட்டுப் போயிருப்போம்.

ஆகவே நீங்கள் சேர்ந்தால் இரண்டு விடயம் செய்யுங்கள். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் எடுத்து நீங்களே வாசியுங்கள், வகுப்பில் தரும் டியூட் குறிப்புகள் போதாது. நோட்ஸின் ஒவ்வொரு பக்கத்திலும் திகதி போடுங்கள். அடித்த வரியைக் கிழிக்காதீர்கள். எது எப்போது ஏன் மாறியது என்பது அந்த அடித்த வரிகளில்தான் இருக்கும்.

ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணும் முறை சட்டத்தில் இருக்கிறது, 1982 முதல் ஒருபோதும் தேவைப்படவில்லை என்று என் பழைய நோட்ஸில் ஒரு வரி உண்டு. 2024 செப்டெம்பர் 22 அன்று அநுர குமார திசாநாயக்க 42.31 வீதத்தில் நிற்க, யாருக்கும் பாதி வராததால் அதை எண்ணத் தொடங்கினார்கள். அப்பா மறுபடி எடுத்தார். இந்த முறை புத்தகத்தைத் தேடாமலே, முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் வாக்குச் சீட்டுகளுக்கு என்ன நடக்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் திகதியைப் போட்டேன்.