வாசகர் கேள்வி: சிறுநீரில் புரதம், இரண்டு முடிவுகள்

கேள்வி: நீரிழிவுள்ள என் தாயாருக்கு மருத்துவகத்தில் செய்த பட்டைச் சோதனை சிறுநீரில் புரதம் இருப்பதாகக் காட்டியது. அடுத்த வாரம் ஆய்வகம் இயல்பு என்றது. எதை நம்புவது? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: இரண்டும் சரியாக இருக்கக்கூடும். சிறுநீரில் நனைத்து நிறமாற்றம் பார்க்கும் பட்டை காட்டுவது அல்புமின் என்னும் புரதத்தின் செறிவை மட்டுமே. ஆகவே தண்ணீர் குறைவாகக் குடித்த நாளின் அடர்ந்த சிறுநீர், நலமாக இருப்பவருக்கும் நிறத்தை மாற்றிவிடும். ஆய்வகமோ அல்புமினை, தசைகளிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருளான கிரியேட்டினினோடு ஒப்பிட்டு விகிதமாகத் தருவதால், அந்த அடர்த்தி வேறுபாடு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. 3 மில்லிகிராம்/மில்லிமோலுக்குக் கீழே இருப்பது இயல்பு. காய்ச்சலும் கடும் உடற்பயிற்சியும் இவ்விகிதத்தைத் தற்காலிகமாக உயர்த்தும் என்பதால், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் மருத்துவர்கள் உறுதி செய்கிறார்கள்.

ஆய்வக எண்ணை எப்படி நம்புவது என்பதும் நியாயமான ஐயமே. அளவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரிகளை, இயல்பான அளவில் ஒன்றும் உயர்ந்த அளவில் ஒன்றுமாக, நோயாளிகளின் மாதிரிகளைப் போலவே கருவியில் ஓட்டி, 1950இல் லீவி, ஜென்னிங்ஸ் என்னும் ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய வரைபடத்தில் குறிக்கிறார்கள். கட்டுப்பாட்டு மாதிரியின் முடிவு அதன் சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத்தை (திட்டவிலக்கம் என்பது முடிவுகள் சராசரியைச் சுற்றி வழக்கமாகச் சிதறும் அளவு) தாண்டினால், காரணம் கண்டறியப்படும்வரை முடிவுகளை வெளியிடக்கூடாது. மருத்துவகப் பட்டைக்கும் இக்கண்காணிப்பு தேவை. டர்பனின் ஈரக்காற்றில் மூடி திறந்துகிடக்கும் புட்டியின் பட்டைகள் விரைவில் கெட்டுவிடும்.

அடுத்த முறை காலையின் முதல் சிறுநீரில் நடுப்பகுதியைப் பிடித்து, தாமதமின்றி ஆய்வகத்தில் சேர்ப்பியுங்கள்.