நூறு வீதச் சித்தி: எத்தினை பேரில?

விசேட தேவையுள்ள பிள்ளையளையும் சேர்த்துப் பெறுபேறு காட்டுறது பற்றி வந்த கேள்வியளுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஒருவரின்ர பதில்கள்.

வடமராட்சி ஆசிரியர்: ரீச்சர், புலமைப்பரிசில் பெறுபேற்றில விசேட கல்வி அலகுப் பிள்ளையளையும் எண்ணவேணுமோ? வீதம் விழுந்திடுமே.

பதில்: விழட்டும். தரம் 5இல 40 பிள்ளையள் எண்டு வைப்பம். 36 பேர் தோற்றி, 36 பேரும் சித்திக்குரிய 70 புள்ளிக்கு மேல எடுத்தா மதில்ல ‘நூறு வீதம்’ எண்டு பதாகை கட்டுறம். மிச்ச நாலு பேர் எங்க? பதிவில எத்தினை, தோற்றினது எத்தினை, சித்தி எத்தினை: மூண்டையும் பக்கத்துப் பக்கத்தில போடுங்கோ. எங்கட கூட்டங்களில ஒரு வீதத்தை மட்டும் கேட்டுக் கைதட்டுறதுதான் பழக்கம்.

அமெரிக்காவில 1997இலயே விசேட கல்விச் சட்டத்தைத் திருத்தி, இந்தப் பிள்ளையளையும் மாநிலப் பரீட்சையில சேர்க்கச் சொன்னவை. 2002இல கையெழுத்தான சட்டம், விசேட தேவையுள்ளவை உட்பட ஒவ்வொரு பிள்ளையள் பிரிவிலயும் 95 வீதமாவது எழுதவேணும் எண்டது. 2015 சட்டம் இன்னும் இறுக்கம்: அதுக்குக் குறைய எழுதினா, சித்தி வீதத்தைத் தோற்றினவையால பிரிக்கேலாது, மொத்தத்தின்ர 95 வீதத்தால பிரிக்கவேணும். மேல சொன்ன வகுப்பில 36ஐ, 40இன்ர 95 வீதமான 38ஆல பிரிக்கவேண்டிவரும். நூறு போச்சு!

சாவகச்சேரித் தாய்: என்ர மகனுக்கு டவுன் சின்ட்ரோம். அதே வினாத்தாளைக் குடுத்துச் சைபர் போடுறதோ சேர்க்கிறது?

பதில்: இல்லை பிள்ளை. அமெரிக்காவில அறிவாற்றல் குறைபாடு மிகக் கடுமையா உள்ளவைக்கு மாற்று மதிப்பீடு இருக்கு, அந்தப் பெறுபேறும் கணக்கில வரும். ஆனா மாநிலத்தில ஒரு பாடத்துக்குத் தோற்றுறவையில 1 வீதத்துக்கு மேல அதில விடேலாது. இல்லாட்டிப் படிப்பில பிந்தின எல்லாரையும் அதுக்குள்ள தள்ளிவிடுவினம். மற்றவைக்கு மேலதிக நேரம், பிறெயில் வினாத்தாள் போதும். எங்கட பரீட்சைத் திணைக்களத்திட்டயும் மேலதிக நேரம் கேக்கலாம். அதிபருக்கூடாக நேரத்தோட விண்ணப்பியுங்கோ.

தீவக அதிபர்: எங்களிட்ட விசேட தேவையுள்ளவை இரண்டே பிள்ளையள். தனியப் போட்டா ஆரெண்டு ஊருக்கே தெரிஞ்சிடும்.

பதில்: தனிவரிசை போடாதேங்கோ சேர். அமெரிக்காவிலயும் குறைஞ்சபட்ச எண்ணிக்கை ஒண்டை மாநிலம் வைச்சிருக்கும், அதுக்குக் கீழ எண்டா தனியப் பிரசுரிக்கிறேல்லை. மொத்தத்தில மட்டும் விடாமச் சேருங்கோ. ‘மற்றைய பிள்ளைகள்’ எண்டும் ஒரு வரிசை போட்டிடாதேங்கோ, கழிச்சுப் பார்த்தா அந்த இரண்டு பேரும் வெளிய வந்திடுவினம். வலய மட்டத்தில கூட்டினா பிரிவாக் காட்டலாம்.

நல்லூர்ப் பெற்றோர்: அப்ப பேர்போன பள்ளிக்கூடங்கள் இவையைச் சேர்க்கவே மறுக்காதோ?

பதில்: மறுக்கப் பார்க்கும். அனுமதி கேட்டு வந்தவை எத்தினை, திருப்பி அனுப்பினது எத்தினை எண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில கேளுங்கோ. பதிலைக் கூட்டக் குறிப்பில எழுதுவியுங்கோ.