முன் கண்ணாடிக்கு 1,70,000 ரூபாயா? கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகும்போது ஒரு ஜல்லி தெறித்து முன் கண்ணாடியில் அடித்தது. அன்றைக்குப் பொட்டு மாதிரிதான் இருந்தது. மறுநாள் வெயிலில் நின்ற வண்டியில் ஏறி ஏசியைப் போட்டதும் விரிசல் பாதிக் கண்ணாடிக்கு ஓடிவிட்டது. 2021 மாடல் ஜெர்மன் செடான், 2 லிட்டர் இன்ஜின். ஷோரூமில் 1,70,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். மூலக்கடையில் தெரிந்த கடைக்காரர், "எல்லாம் கண்ணாடிதானே சார், 45,000-க்கு முடிச்சுக் கொடுக்கிறேன்" என்கிறார். வெளியே போட்டால் நீட்டித்த வாரண்டி போய்விடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். முழு இன்சூரன்ஸ் இருக்கிறது, பழைய காரிலிருந்து கொண்டுவந்த என்சிபி (க்ளெய்ம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) 50 சதவீதம். என்ன செய்யலாம்?
— வாசகர், ராயபுரம்

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு எஸ்டிமேட்டையும் பார்த்தேன். ஷோரூம் தாளில் கண்ணாடி, பீடிங் (கண்ணாடி ஓரத்து ரப்பர்), ஒட்டுப் பசை, சென்சார் பேட், கேமரா கேலிபரேஷன் (கோணத்தைச் சரிசெய்வது), லேபர் என்று தனித்தனி வரிகள் இருக்கின்றன. கடைக்காரர் தாளில் ஒரே வரி: "முன் கிளாஸ், ஃபிட்டிங் உட்பட." இரண்டு பேரும் ஒரே சரக்குக்கு விலை சொல்லவில்லை. அதனால் எது மலிவு என்ற கேள்விக்கு இப்போதே பதில் சொல்ல முடியாது.

முன் கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலமும் சேர்ந்தது. இது எல்லாக் காருக்கும் பொது. உங்கள் வண்டியில் இதற்கு மேல் என்னென்ன இருக்கின்றன என்று நீங்களே பார்க்கலாம். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடியின் பின்பக்கம், மேலே நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் கோடு பார்க்கும் கேமராவும் மழை சென்சாரும் உட்கார்ந்திருக்கும். வேகம், ஸ்பீடு லிமிட் எல்லாம் எதிரே கண்ணாடியில் மிதப்பதுபோல் தெரிகிறதென்றால் ஹெட்அப் டிஸ்ப்ளே இருக்கிறது. அதற்கான கண்ணாடியே வேறு. வெயில் சூட்டைத் திருப்பி அனுப்பும் உலோகப் பூச்சு, சத்தத்தைக் குறைக்கும் படலம் என்று வேறு சிலவும் இருக்கலாம். ஒரே மாடல் காருக்கே நாலைந்து வகைக் கண்ணாடி வருவது இதனால்தான். எது உங்களுடையது என்பதைச் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கடைக்காரர் உங்களிடம் சேஸிஸ் நம்பர் கேட்டாரா? கேட்காமலே விலை சொல்லியிருந்தால் அந்த 45,000 எந்தக் கண்ணாடிக்கு என்று அவருக்கே தெரியாது.

அதற்காகக் கார்க் கம்பெனி முத்திரை உள்ள கண்ணாடிதான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கார்க் கம்பெனிகள் கண்ணாடி உருக்குவதில்லை. செயின்ட் கோபைன் சேகுரிட், பில்கிங்டன், ஏஜிசி, ஃபுயாவ், நம் ஊர் ஏஐஎஸ் போன்றவர்கள்தான் செய்து கொடுக்கிறார்கள். அதே தயாரிப்பாளரின், அதே வகைக் கண்ணாடி கார் முத்திரை இல்லாமல் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். உங்கள் பழைய கண்ணாடியின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். தயாரிப்பாளர் பெயர், வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும், இந்தியத் தரமான ஐஎஸ் 2553 முத்திரை என்று இருக்கும். சிலவற்றில் சத்தம் குறைக்கும் கண்ணாடி என்பதற்குச் சின்னதாகக் காது படம்கூட இருக்கும். கழற்றுவதற்கு முன்பே அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரும் கண்ணாடியின் மூலையையும் அதையும் ஒப்பிடுங்கள். புதுப்பேட்டையில் இன்னொரு வண்டியிலிருந்து அறுத்தெடுத்த பழைய கண்ணாடி கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அறுக்கும்போது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கும். அடுத்த பள்ளத்தில் அது விரிசலாகிவிடும்.

அடுத்தது கேமரா. கடைக்காரர்கள் அதிகம் மழுப்புவது இந்த இடத்தில்தான். பழைய கேமராவையே புதுக் கண்ணாடியில் பொருத்தினாலும் அது பார்க்கும் கோணம் இம்மியளவு மாறும். கேமரா 1 டிகிரி திரும்பினால் 50 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும். பக்கத்து வரிசையில் போகிற பைக்கை உங்கள் வரிசையில் போவதாக நினைத்து வண்டி தானாகப் பிரேக் அடிப்பதற்கு அது போதும். அதனால்தான் கேலிபரேஷன். சில கார்களுக்குச் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அளந்த தூரத்தில் கட்டம் போட்ட பலகையை வைத்து, டயர் காற்றைச் சரிபார்த்து, டிக்கியில் சுமை இல்லாமல் செய்ய வேண்டும். சில கார்களுக்குக் கருவியை மாட்டிக்கொண்டு தெளிவான கோடு போட்ட சாலையில் ஓட்டினால் போதும். சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். புழுதியில் கோடே தெரியாத மணலி ரோட்டில் இதைச் செய்ய முடியாது. மீஞ்சூர் பக்கம் போய் வெளிவட்டச் சாலையில் ஏறினால் கோடு தெரியும். "டேஷ்போர்டில் எந்த லைட்டும் எரியலையே சார்" என்பது பதில் ஆகாது. கேமரா வேலை செய்கிறதா என்பதைத்தான் லைட் சொல்லும், சரியான இடத்தைப் பார்க்கிறதா என்பதை அல்ல. வேலை முடிந்ததும் கருவியிலிருந்து எடுத்த கேலிபரேஷன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள்.

பசை விஷயம் சிறியதாகத் தெரியும், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. பாலியூரித்தேன் பசைதான் போட வேண்டும். மீன் தொட்டி ஒட்டும் சிலிகான் கூடாது. பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது பெரும்பாலான கார்களில் முன் கண்ணாடியில் மோதித்தான் ஆளின் பக்கம் திரும்புகிறது. பசை பிடிக்கவில்லை என்றால் ஏர்பேக் கண்ணாடியையும் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். பசை இறுகுவதற்குக் காற்றின் ஈரப்பதம் வேண்டும், சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று பசை டப்பாவிலேயே போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். முதல் நாள் ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கி வையுங்கள், கதவை அறைந்து சாத்த வேண்டாம், வாட்டர் வாஷ் வேண்டாம்.

பழைய கண்ணாடியை அறுக்கும்போது ஃபிரேம் பெயின்டில் கீறல் விழுந்தால் அங்கேயே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் உப்புக் காற்றில் அந்தக் கீறல் ஒரு மழைக்காலத்துக்குள் துருவாகிவிடும். பீடிங்குக்கு அடியில் நடப்பதால் தண்ணீர் உள்ளே ஒழுகும்போதுதான் தெரியவரும்.

சரி, பணத்துக்கு வருவோம். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், இது நல்ல செய்தி. பீடிங் போன்ற ரப்பர், பிளாஸ்டிக் சாமான்களுக்கு தேய்மானத்தைக் கழிக்காத ஜீரோ டெப் என்ற ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டி வாங்குவது) இல்லையென்றால் பாதிதான் தருவார்கள். பசை மாதிரி ஒருதடவை போட்டால் தீர்ந்துபோகும் சாமானுக்கு கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் இருக்க வேண்டும். 1,500 சிசிக்கு மேற்பட்ட இன்ஜின் என்பதால் 2,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும். இவையெல்லாம் சில்லறை. பெரிய செலவு என்சிபியில் ஒளிந்திருக்கிறது.

உதாரணமாக, தள்ளுபடிக்கு முன் உங்கள் சொந்த சேதப் பிரீமியம் (உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பங்கு) 60,000 என்று வைப்போம். 50 சதவீத என்சிபியில் இப்போது 30,000 கட்டுகிறீர்கள். க்ளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பிப்பில் என்சிபி பூஜ்யம், முழு 60,000 கட்ட வேண்டும். அதற்கடுத்த ஆண்டுகளில் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். கூடுதலாகக் கட்டுவது 30,000, 18,000, 15,000, 9,000, 3,000. மொத்தம் 75,000 ரூபாய். கார் பழசாகும்போது பிரீமியமும் இறங்கும் என்பதால் கொஞ்சம் குறையலாம். ஆக, இலவசமாக மாட்டிய கண்ணாடிக்கு ஐந்து வருஷத் தவணை கட்டுகிறீர்கள்.

அதனால் முதலில் பாலிசியைத் திறந்து க்ளெய்ம் செய்தாலும் என்சிபியைக் காப்பாற்றும் என்சிபி புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஷோரூமிலேயே கேஷ்லெஸ் க்ளெய்ம். இல்லையென்றால் மூலக்கடைக்காரரிடம் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, கண்ணாடியின் பார்ட் நம்பர், தயாரிப்பாளர், பசையின் பெயர், கேலிபரேஷன் யார் செய்வது, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பிரீமியத்தை வைத்து மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள்; அப்படி எழுதிய தொகை அதற்குக் கீழே (நம் உதாரணத்தில் 75,000) நின்றால் க்ளெய்ம் இல்லாமல் வெளியே போடுவதுதான் லாபம். அவர் எழுதித் தர மாட்டேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். என் கணிப்பு: ஹெட்அப் டிஸ்ப்ளே உள்ள வண்டியென்றால் 45,000 என்பது நிற்காது.

க்ளெய்ம் என்று முடிவெடுத்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள். கேலிபரேஷன் தொகையை முதல் எஸ்டிமேட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் சேர்த்தால் வீண் வாக்குவாதம்.

வாரண்டி போய்விடும் என்ற பயமுறுத்தல் பழையது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிப் பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததோடு, வெளியே ரிப்பேர் பார்த்தாலே வாரண்டியை ரத்து செய்வதும் அந்த வழக்கில் குற்றமாகப் பார்க்கப்பட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். வெளியே கண்ணாடி மாற்றியதால் கியர் பாக்ஸ் வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் வெளியே மாட்டிய கண்ணாடி வழியாகத் தண்ணீர் இறங்கி கேமரா கெட்டால், அந்தக் கேமராவுக்கு வாரண்டி கேட்கவும் முடியாது. "வாரண்டி போய்விடும்" என்பவரிடம் எந்த ஷரத்துப்படி என்று மெயிலில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

ஃபாஸ்டேக்கையும் மறக்காதீர்கள். பழைய கண்ணாடியிலிருந்து உரித்தால் அது செத்துவிடும். டேக் கொடுத்த வங்கியிடம் சொல்லி மாற்று டேக் வாங்க வேண்டும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடியாக இருந்தால், பூச்சு விடப்பட்ட இடம் கறுப்புப் பெட்டியை ஒட்டி இருக்கும். அங்கே ஒட்டவில்லை என்றால் நல்லூர் டோலில் கதவு திறக்காது, பின்னால் ஹாரன் அடிப்பார்கள்.

கேள்வி: என் காரில் கல் பட்டு ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய பொட்டு. கண்ணாடியை மாற்றாமல் அடைக்க முடியுமா?
— வாசகி, பெரம்பூர்

பதில்: முடியும், சீக்கிரம் போனால். ரெசின் என்ற பிசின் ஊற்றி அடைப்பார்கள், மாற்றும் செலவில் சிறு பங்குதான் ஆகும். ஆனால் பொட்டு ஓட்டுநரின் நேர் பார்வையிலோ, கேமரா முன்னாலோ, கண்ணாடியின் ஓரத்திலோ இருக்கக் கூடாது. கடைக்குப் போகும் வரை அதன் மேல் செல்லோ டேப் ஒட்டி வையுங்கள், அழுக்கும் தண்ணீரும் புகுந்தால் ரெசின் பிடிக்காது. வெயிலில் நின்ற வண்டியில் ஏசிக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பாதீர்கள். அடைத்த பிறகும் லேசான தழும்பு தெரியும். விரிசல் ஓடாமல் நின்றால் போதும், அழகு பார்க்க வேண்டாம்.

கேள்வி: வெளியே ஒரு கடையில் முன் கண்ணாடி மாற்றினேன். அதிலிருந்து ஹெட்அப் டிஸ்ப்ளேயில் எண்கள் இரட்டையாகத் தெரிகின்றன. மழை இல்லாமலே வைப்பரும் ஓடுகிறது. "பழகிடும்" என்கிறார் கடைக்காரர்.
— வாசகர், மாதவரம்

பதில்: பழகாது. கண்ணாடியின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் தனித்தனியாக ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, அதனால்தான் இரண்டு பிம்பம். ஹெட்அப் டிஸ்ப்ளே கண்ணாடியில் நடுப் படலம் மேலே தடிமனாகவும் கீழே மெல்லிசாகவும் இருக்கும், அந்தச் சரிவு இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்கும். உங்களுக்குச் சாதாரணக் கண்ணாடியை மாட்டியிருக்கிறார்கள். எந்தக் கேலிபரேஷனும் இதைச் சரிசெய்யாது, கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும். வைப்பர் பிரச்சினை சின்னது. சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ஜெல் பேடில் காற்றுக் குமிழி இருந்தால் அது மழைத்துளி என்று நினைத்துக்கொள்ளும். புதுப் பேட் போட்டால் தீரும்.

இரட்டை எண்கள் தெரியும்படி ஓட்டுநர் சீட்டிலிருந்து வீடியோ எடுங்கள். கண்ணாடி மூலைக் குறிப்பைப் போட்டோ எடுங்கள். பில்லையும் சேர்த்து, சரியான கண்ணாடி மாற்றித் தர 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறமும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாமல் வேலை செய்திருந்தால் பணம் அனுப்பிய யுபிஐ பதிவும் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் சாட்சியாகும். அந்த "பழகிடும்" வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள்.